உருகின பெட்டி இந்துமதி

இந்துமதியைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும் என் மனைவி, "நல்லதா நாலு வார்த்தை எழுதுங்க. கஷ்டப்பட்டு முன்னேறின பிள்ளை" என்றாள். கஷ்டப்பட்டு முன்னேறிய பிள்ளைகள் தூத்துக்குடியில் தெருவுக்கு நான்கு பேர் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி எழுத வேறு ஆட்கள் உண்டு. நான் எழுதுவது வாங்கியதை மனதில் வைத்திருந்து திருப்பிக் கொடுத்தவளைப் பற்றி. மன்னிப்பது பெரிய குணம் என்று நினைப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம், எனக்கு வருத்தம் இல்லை.

என் பெயர் தேவமணி. துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்டிடம் வேலை. ஏற்றுமதிக் கம்பெனிகளில் கன்டெய்னரில் சரக்கு ஏறும்போது பக்கத்தில் நின்று, கதவுக்குச் சீல் வைத்ததும் காகிதங்களை வாங்கிக்கொண்டு கஸ்டம்ஸுக்கு ஓடுவது என் பிழைப்பு. அப்படி நான் போய் நிற்கிற இடங்களில் ஒன்று காசிலிங்கம் அண்ணாச்சியின் மீன் கம்பெனி. அவருடைய அப்பா கருவாட்டு மண்டி வைத்திருந்தார். அண்ணாச்சி இறாலையும் கணவாயையும் உறையவைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறார். கம்பெனி பெயரைச் சொல்லமாட்டேன், இன்னும் அங்கே போய்த்தான் நிற்கிறேன்.

இந்துமதியை நான் முதலில் பார்த்தது அந்தக் கம்பெனிக்குள் அல்ல, அதற்கு வெளியே, உப்பளங்களுக்கு நடுவே போகிற ரோட்டில். சித்திரை மாதத்து உச்சி வெயில். ஒரு பெண் வெறுங்காலோடு நடந்து போய்க்கொண்டிருந்தாள். தார் சுட்டால் ஓரத்து மண்ணில் இறங்குவாள், மண் சுட்டால் மறுபடி தாரில் ஏறுவாள். பைக்கை நிறுத்தினேன்.

"ஏம்மா, செருப்பு எங்க?"

"உள்ள இருக்குண்ணே. எடுக்க விடலை."

அவ்வளவுதான் சொன்னாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும். வண்டியில் ஏற்றிக்கொண்டு பழைய பஸ் ஸ்டாண்ட் வந்து, ஒரு செருப்புக் கடை முன்னால் நிறுத்தினேன். இறங்க மாட்டேன் என்றாள்.

"வேண்டாம்ணே. இப்படியே வீட்டுக்குப் போறேன். இந்தச் சூடு எனக்கு மறந்துரக்கூடாது."

அப்படியே பஸ் ஏறிப் போனாள். அவளுடைய ஊர் கொற்கை. முத்து குளித்த பட்டினம் என்று அந்த ஊரைப் பார்க்க எங்கிருந்தெல்லாமோ வருவார்கள். அவளுக்கு அது அப்பாவின் பலசரக்குக் கடையும் நான்கு வாழைத்தோட்டமும்தான். நுண்ணுயிரியல் படித்துவிட்டு அண்ணாச்சியின் கம்பெனியில் தரம் பார்க்கிற வேலைக்கு, கியூசி என்பார்கள், சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை.

உள்ளே நடந்ததைப் பிறகு பேச்சித்தாய் அக்கா சொன்னாள். அக்கா அங்கே பேக்கிங் பெண்களுக்கு மூத்தவள். ஒரு கன்டெய்னர் இறால் வெளிநாட்டுத் துறைமுகத்திலிருந்து திரும்பி வந்திருக்கிறது. கதவோரம் அடுக்கியிருந்த பெட்டிகள் வழியில் எங்கோ இளகி, மறுபடி உறைந்து, பார்த்தாலே தெரிகிற மாதிரி கட்டி கட்டியாகக் கிடந்திருக்கின்றன. வாங்குகிறவனுக்குக் காட்ட ஒரு ஆள் வேண்டும். ஆளைப் பிடித்தோம், நீக்கிவிட்டோம் என்று எழுதினால் அவன் கோபம் தணியும். அண்ணாச்சிக்குக் கண்ணில் பட்டவள் இந்துமதி.

லோடிங் மேடையில் எல்லாரையும் நிறுத்திவைத்து, "ஏளா, உனக்கு என்னத்துக்குச் சம்பளம் குடுத்தேன்? தெர்மாமீட்டரைப் பிடிச்சிக்கிட்டு நிக்கதுக்கா? உன்னாலதான் என் பேர் கடல் தாண்டிக் கெட்டுப்போச்சு" என்று கத்தியிருக்கிறார். வெள்ளைக் கோட்டைக் கழற்றச் சொன்னார். தொப்பியைக் கழற்றச் சொன்னார். பிறகு காலைப் பார்த்து, "பூட்ஸும் கம்பெனியோடதுதான், கழட்டி வச்சிட்டுப் போ" என்றார். அவளுடைய செருப்பு உடைமாற்றும் அறையில் இருந்தது. அவளை அந்தப் பக்கம் விடக் கூடாது என்று வாட்ச்மேனுக்கு உத்தரவு.

அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. தூத்துக்குடி எவ்வளவு பெரிய ஊர்? மீன் கம்பெனிக்காரர்கள் எல்லாரும் ஒரே கல்யாணத்தில் ஒரே பந்தியில் உட்காருகிறவர்கள். அண்ணாச்சி சொல்லிச் சிரித்திருக்கிறார். அடுத்த கம்பெனியில் வேலை கேட்டுப் போனால், "ஓ, அந்த உருகின பெட்டி நீதானா?" என்றார்கள். அதற்கடுத்த கம்பெனியிலும் அதே பெயர். ஊருக்குப் பெண் பார்க்க வந்தவர்கள்கூட அப்படிக் கேட்டுவிட்டுக் காபி குடித்துப் போனார்கள். இந்துமதி என்ற பெயர் போய், உருகின பெட்டி என்றால்தான் அடையாளம் தெரியும் என்று ஆனது. அவள் கேட்டது ஒன்றே ஒன்று. பெட்டியை உருகவிட்டது அவள் இல்லை என்று காசிலிங்கம் அண்ணாச்சி, சொன்ன அதே இடத்தில், கேட்ட அதே ஆட்களுக்கு முன்னால் சொல்ல வேண்டும். அதை வாங்காமல் சாகமாட்டேன் என்று என்னிடம் சொன்னாள்.

பிறகு கொச்சிக்குப் போய்விட்டாள். அங்கே ஒரு நிறுவனம். தொழிற்சாலையோ ஆஸ்பத்திரியோ பேங்க்கோ, கூப்பிட்ட இடத்துக்குப் போவார்கள். ஒரு வேலை எங்கே தொடங்குகிறது, எந்தெந்தப் படி தாண்டிப் போகிறது, ஒவ்வொரு படியிலும் எவ்வளவு நேரம் பிடிக்கிறது, எந்தத் தப்பு திரும்பத் திரும்ப வருகிறது என்று நின்று அளப்பார்கள். அளந்து முடித்து, இந்தப் படியை இப்படி மாற்று, அந்தப் படியை எடுத்துவிடு என்று சொல்லிக் கொடுப்பார்கள். இதற்கும் சம்பளம் கொடுக்கிறார்கள் என்று எனக்கு அப்போதுதான் தெரியும்.

முதல் நாள் பயிற்சியிலேயே அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. தப்பு நடந்தால் யார் செய்தார்கள் என்று கேட்கக் கூடாது, எந்தப் படியில், எப்போது நடந்தது என்றுதான் கேட்க வேண்டும், அறிக்கையில் யார் பெயரும் வரக் கூடாது என்று சொல்லிக்கொடுத்தார்களாம். "எனக்கு யாருன்னுதாண்ணே வேணும்" என்று போனில் பொருமினாள். ஆனாலும் அந்த வேலையை விடவில்லை. கெட்டிக்காரி, சீக்கிரமே மேலே வந்தாள். கிறிஸ்துமஸுக்கு எனக்கு வாழ்த்துச் சொல்லக் கூப்பிடும்போதெல்லாம் கடைசியில் ஒரு கேள்வி இருக்கும்.

"அண்ணாச்சி எப்படி இருக்காரு?"

"நல்லாத்தான் இருக்காரு."

"இருக்கட்டும்ணே. நல்லா இருக்கட்டும். அவர் எனக்கு வேணும்."

இதை அவள் சொல்லும் விதத்தில் எனக்கு உள்ளங்கால் குளிர்ந்துவிடும்.

அண்ணாச்சியின் சரக்கில் கதவோரப் பெட்டிகள் இளகுவது அவளோடு நின்றுபோகவில்லை. போன வருஷம் மறுபடி இரண்டு மூன்று கன்டெய்னருக்குப் புகார் வந்தது. எல்லாக் கன்டெய்னரும் இல்லை, சிலது மட்டும். அதுதான் யாருக்கும் பிடிபடவில்லை. வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனிக்காரன் பொறுமை இழந்து, வெளியாள் வந்து உங்கள் வேலை முறையை முழுக்க அளந்து அறிக்கை கொடுத்தால்தான் இனிமேல் சரக்கு எடுப்பேன் என்றுவிட்டான். அளக்கிற வேலையைக் கொச்சி நிறுவனத்துக்குக் கொடுத்தான். அங்கே அந்தக் கோப்பு மேஜைக்கு வந்த அன்றே, இதை நான் எடுத்துக்கொள்கிறேன் என்று இந்துமதி கேட்டு வாங்கிவிட்டாள்.

அவள் வந்த அன்று நான் அங்கே இருந்தேன். அண்ணாச்சியின் மகன் சிவப்பிரகாஷ், இப்போது அன்றாட நிர்வாகம் அவன் கையில், கொச்சி மேடத்தை வரவேற்க வாசலில் நின்றான். கம்பெனி வளாகத்தில் பத்து கார் நிறுத்தலாம். இந்துமதி காரை வெளியே மெயின் ரோட்டில், பஸ் நிற்கிற இடத்தில் நிறுத்திவிட்டு, அவ்வளவு தூரமும் வெயிலில் நடந்து வந்தாள். தினமும் அப்படித்தான் செய்தாள். ஏன் என்று எனக்கு விளங்கவில்லை, புதுக் கார், உப்புக் காற்று பட்டுவிடும் என்று நினைக்கிறாளோ என்று எண்ணினேன்.

அவளைப் பார்த்ததும் அண்ணாச்சியின் முகம் செத்துவிட்டது.

"ஏளா, நீயா?" என்றவர் சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டு, "வாங்க மேடம், வாங்க. நம்ம பிள்ளைதான் வந்திருக்கு" என்றார். நம்ம பிள்ளையாம்! சாயங்காலம் மக்ரூன் இனிப்பு டப்பா ஒன்று அவள் தங்கியிருந்த லாட்ஜுக்குப் போனது. மறுநாள் காலையில் அது பிரிக்காமலே அண்ணாச்சி மேஜைக்குத் திரும்பி வந்தது.

"வேலை முடியுத வரைக்கும் நான் எதுவும் வாங்கக்கூடாது அண்ணாச்சி. முடிஞ்ச பொறவு நானே கேட்டு வாங்கிக்கிடுதேன்" என்றாள். அவர் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

முதலில் வேலையின் படிகளை எல்லாரிடமும் கேட்டாள். இறால் வந்து இறங்குவதிலிருந்து, கழுவி, தோலெடுத்து, அளவு வாரியாகப் பிரித்து, உறையவைத்து, பெட்டி கட்டி, குளிர் அறையில் அடுக்கி, கன்டெய்னரில் ஏற்றுவது வரை சுவரில் பெரிய படமாக ஒட்டினாள். ஒவ்வொரு படியிலும் நின்று நேரத்தையும் குளிரையும் அளந்தாள். பெட்டிகளுக்கு நடுவே சின்னச் சின்ன வெப்பமானிகளை வைத்தாள்.

கம்பெனியே நடுங்கியது. மேனேஜர், கரன்ட் போவதுதான் காரணம் என்றார். எலக்ட்ரீஷியன், பொம்பளைகள் குளிர் அறைக் கதவைத் திறந்துபோட்டுப் பேசுகிறார்கள் என்றான். பெண்கள் லாரி டிரைவரைக் காட்டினார்கள். டிரைவர், கியூசி பிள்ளை ஐஸ்வர்யாவைக் காட்டினான். அண்ணாச்சியும் ஐஸ்வர்யாவைத்தான் காட்டினார். அது கல்லூரி முடித்து வந்த சின்னப் பெண், பெரியவர் குரல் கேட்டாலே தெர்மாமீட்டரைக் கீழே போட்டுவிடும்.

"இந்தப் பிள்ளையை அனுப்பிருவோம் மேடம். புது ஆள் போட்டாச்சுன்னு எழுதினா வாங்குதவன் சமாதானமாயிருவான். முன்னாலயும்..." என்று இழுத்தார் அண்ணாச்சி.

"முன்னாலயும்?" என்றாள் இந்துமதி.

அண்ணாச்சி தும்மல் வந்த மாதிரி துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

அவள் யார் சொன்னதையும் எழுதவில்லை. ஒவ்வொரு கன்டெய்னருக்கும், கதவோரப் பெட்டியில் ஏறின சூட்டைக் குறித்து, வரைபடத்தாளில் ஒரு புள்ளி வைத்தாள். பெரும்பாலான புள்ளிகள் ஒரே கோட்டில் அடக்கமாக நின்றன. இடையிடையே ஒன்று மட்டும் எகிறி மேலே போய் நின்றது. அதே இறால், அதே பெண்கள், அதே லாரி. ஒன்று திங்கள்கிழமை காலை, ஒன்று புதன் மத்தியானம், ஒன்று சனிக்கிழமை. கரன்ட் ஒரு நாளும் போகவில்லை. டீக்கடையில் உட்கார்ந்து அந்தப் படத்தை என்னிடம் காட்டினாள். எனக்கு ஒரு மண்ணும் புரியவில்லை. அவளுக்கும் புரியவில்லை என்பதுதான் அவளை அரித்தது. பழிவாங்கக் காத்திருந்து வந்து, பழியை எங்கே வைப்பது என்று தெரியாமல் நிற்பது எவ்வளவு கொடுமை!

ஒரு வெள்ளிக்கிழமை. கன்டெய்னர் லாரி வரத் தாமதமாகி, பத்து மணி தாண்டித்தான் மேடையில் வந்து நின்றது. நான் காகிதங்களோடு நின்றேன். அண்ணாச்சி மாடியிலிருந்து பாய்ந்து இறங்கி வந்தார்.

"ஏலே, பத்தரைக்குள்ள முதல் பெட்டிய ஏத்துங்கலே! ராகுகாலம் வந்துரும்!"

ஒரு பெட்டிக்கு மஞ்சளும் குங்குமமும் வைத்தார்கள். கற்பூரம் காட்டினார்கள். அண்ணாச்சியே பெட்டியைத் தூக்கிக் கன்டெய்னருக்குள் கதவோரம் வைத்துக் கும்பிட்டார். வேலை தொடங்கிவிட்டது என்று காட்ட, குளிர் அறையிலிருந்து ஒரு அடுக்குப் பெட்டியும் மேடைக்கு வந்தது. அதோடு எல்லாம் நின்றது. ராகுகாலம் முடியும் வரை அடுத்த பெட்டி ஏறாது. முதல் பெட்டி ஏறிய கதவை அடைத்தால் வருகிற லட்சுமியை அடைத்த மாதிரி என்பதால் கதவும் அடைபடாது. பெண்கள் டீ குடிக்கப் போனார்கள். கன்டெய்னர் வாயைப் பிளந்துகொண்டு தூத்துக்குடி வெயிலைக் குடித்தது. மேடையில் நின்ற அடுக்கு வியர்த்தது. பன்னிரண்டு மணிக்கு மேல் மற்ற சரக்கு எல்லாம் ஏறி, பூஜைப் பெட்டியோடு சேர்த்து அந்த அடுக்கு கடைசியாகக் கதவோரம் போனது. சரக்கு போய்ச் சேரும் ஊரில் கதவைத் திறந்ததும் அதுதான் முதலில் இறங்க வேண்டும், அதுதான் ராசி.

இந்துமதி பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்தாள். அவள் முகத்தைப் பார்த்த எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று மட்டும் தெரிந்தது.

எகிறின ஒவ்வொரு புள்ளியும் லாரி ராகுகாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் வந்து சேர்ந்த நாள். திங்களுக்கு ஒரு நேரம், புதனுக்கு ஒரு நேரம், சனிக்கு ஒரு நேரம். லாரி நன்றாக முந்தி வந்தாலோ பிந்தி வந்தாலோ ஒன்றுமில்லை. படிகளைச் சொல்லுங்கள் என்று அவள் கேட்டபோது இதை ஒருவர்கூடச் சொல்லவில்லை. மறைக்கவும் இல்லை. சாமி கும்பிடுவதை யாராவது வேலையில் ஒரு படி என்று சொல்வார்களா? லாரி வரும் நாளிலெல்லாம் அவளும் அந்தப் பூஜையைப் பார்த்துக்கொண்டுதான் குளிர் அறைக்குள் போய் அளந்திருக்கிறாள். அவளுக்கும் அது கண்ணில் படவில்லை. கொற்கைக் கடையில் அவள் அப்பாவும் நல்ல நேரம் முடிவதற்குள் ஒரு படி அரிசியாவது அளந்து போட்டுவிட்டுத்தான் கதவோரம் உட்காருவார்.

அன்று டீக்கடையில் அவள் டீயைத் தொடவில்லை.

"அன்னைக்கும் சனிக்கிழமைண்ணே. ஒன்பது மணிக்குக் கொஞ்சம் முன்னால வந்த வண்டி. கற்பூரத் தட்டை யார் பிடிச்சிருந்தா தெரியுமா? நான்தான். என்னைத்தான் பிடிக்கச் சொன்னாரு. தட்டைப் பிடிச்சிக்கிட்டு நின்னேன், அந்தப் பெட்டிக்குத்தான் என்னை வெளிய தள்ளுனாரு."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் இரண்டாம் முறை கேட்க விரும்பமாட்டேன்.

"பேரைப் போட்டு எழுதிரும்மா. ஆள் காலி" என்றேன். எனக்கும் அவர்மேல் கடுப்பு உண்டு. சீல் வைக்க மணிக்கணக்கில் காக்கவைத்து ஒரு டீ வாங்கித் தராத மனிதர்.

"பேர் எழுதக்கூடாதுண்ணே, அதான் ரூல். எழுதினா வாங்குதவன் சரக்கை நிறுத்திருவான். பேச்சித்தாய் அக்கா வீட்ல அடுப்பு அணைஞ்சிரும். எனக்கு அக்கா வேண்டாம். அவர் மட்டும் போதும்."

மறுவாரம் எல்லாரையும் கூட்டி, எந்தப் படியில் குளிர் போகிறது என்று சுவரில் காட்டினாள். அண்ணாச்சி எழுந்து நின்றுவிட்டார்.

"மேடம், இது எங்க அப்பா காலத்து வழக்கம். இதுனாலதான் நாங்க இந்த நிலைக்கு வந்தோம். சாமி காரியத்துல கெடுதல் வருமா?"

"எனக்கும் அதே சந்தேகம்தான் அண்ணாச்சி" என்றாள் அவள், சர்க்கரை மாதிரி. "அதனால ஒரு நாள் உங்க வழக்கப்படியே செஞ்சி காட்டுங்க. நான் எல்லாருக்கும் தெரியுத மாதிரி அளக்கேன். சாமி பக்கம் நியாயம்னா எல்லாரும் பார்த்த மாதிரி இருக்கும்."

சிவப்பிரகாஷ், "அப்பா, வேண்டாம்" என்றான். அண்ணாச்சிக்கு ரோஷம் வந்துவிட்டது. கம்பெனியில் உள்ள அத்தனை பேரும் வந்து பார்க்கட்டும் என்றார். அவராகவே சொன்னார். நான் சாட்சி.

அந்த வெள்ளிக்கிழமை மேடைச் சுவரில், கோயில் கொடை விழாவில் வைக்கிற மாதிரி, பெரிய சிவப்பு விளக்கெழுத்துப் பலகை ஒன்று தொங்கியது. பூஜை அடுக்கின் நடுப்பெட்டியில் இருந்த வெப்பமானி தன் எண்ணை அந்தப் பலகைக்கு அனுப்பியது. பேக்கிங் பெண்கள், டிரைவர்கள், வாட்ச்மேன், ஐஸ்வர்யா எல்லாரும் வரிசையாக நின்றார்கள். அண்ணாச்சி கோட்டு, தொப்பி, பூட்ஸ் எல்லாம் போட்டு, மாப்பிள்ளை மாதிரி வந்து முதல் பெட்டியை ஏற்றினார். கற்பூரத் தட்டை ஐஸ்வர்யாவிடம் கொடுக்கப் போனார். இந்துமதி முன்னால் வந்து அதைத் தன் கையில் வாங்கிக்கொண்டாள்.

பலகையில் மைனஸ் பதினெட்டு இருந்தது. கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. அண்ணாச்சி, "பாத்தியளா?" என்று எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு எண் மாறத் தொடங்கியது. பதினாறு. பதிமூன்று. டீ குடிக்கக்கூட யாரும் போகவில்லை. அண்ணாச்சியின் கண் பலகைக்கும் பெட்டிக்கும் போய்ப் போய் வந்தது. அவருடைய சரக்கு, அவர் கண்முன்னால் இளகுகிறது. ஒரு பெட்டியின் அடிமூலையில் நீர் கோத்து, ஒரு சொட்டு மேடையில் விழுந்தது. இன்னொரு சொட்டு விழுந்தது. மனிதருக்குத் தாங்கவில்லை.

"ஏலே, அதை உள்ள கொண்டு போங்கலே. கதவை அடைங்க."

"மணி பதினொண்ணுகூட ஆகலையே அண்ணாச்சி" என்றாள் இந்துமதி. "ராகுகாலம் முடிய இன்னும் எவ்வளவு நேரம் கெடக்கு. முதல் பெட்டி ஏறின கதவை அடைக்கக்கூடாதுன்னு நீங்கதான சொன்னிய?"

யாரும் அசையவில்லை. அடைக்கச் சொன்னதும் அண்ணாச்சி, அடைக்கக் கூடாது என்று இத்தனை வருஷமாகச் சொன்னதும் அண்ணாச்சி. எதைக் கேட்பது? அவர் நின்றார். பலகையில் சூடு ஏறிக்கொண்டே இருந்தது. தொப்பிக்குள்ளிருந்து வியர்வை வழிந்தது. கடைசியில் தானே ஓடிப் போய், கன்டெய்னர் கதவை இரண்டு கையாலும் தள்ளி அடைத்தார். ராகுகாலத்தின் நட்ட நடுவில். அந்தக் கதவுச் சத்தம் எனக்குக் கோயில் மணிச்சத்தம் மாதிரி இனித்தது.

இந்துமதி தட்டை ஐஸ்வர்யாவிடம் கொடுத்துவிட்டு அவருக்கு நேரே போய் நின்றாள்.

"அன்னைக்குப் பெட்டி யாரால உருகிச்சு அண்ணாச்சி?"

அவர் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டார். அறிக்கை அவள் பையில் இருக்கிறது, அதைப் பொறுத்துத்தான் கம்பெனி என்பது அவர் முகத்தில் எழுதியிருந்தது.

"என்னாலதான்" என்று முனகினார்.

"பேக்கிங் பொம்பளைங்களுக்குக் கேட்கலை."

"என்னாலதான்மா! என் வழக்கத்தாலதான். நீ ஒண்ணும் பண்ணலை. இந்துமதி ஒண்ணும் பண்ணலை. போதுமா?"

"போதும்" என்றாள். பேச்சித்தாய் அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுதாளா சிரித்தாளா என்று தெரியவில்லை.

நான் முடிந்துவிட்டது என்று நினைத்தேன். அவளுக்கு முடியவில்லை.

"நான் கிளம்புதேன் அண்ணாச்சி. வந்தவங்களை வழியனுப்புதது உங்க வழக்கம்தான? என் கார் மெயின் ரோட்ல நிக்கு. அதுவரைக்கும் வாங்க." பிறகு அவர் காலைப் பார்த்தாள். "பூட்ஸ் கம்பெனியோடது. கழட்டி வச்சிட்டு வாங்க."

அவளுடைய கார் ஏன் தினமும் அங்கே நின்றது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அண்ணாச்சியின் செருப்பு மாடியில் இருந்தது. எடுத்து வரச் சொல்ல வாயெடுத்தார். அவள் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார். குனிந்து பூட்ஸைக் கழற்றினார். சிவப்பிரகாஷ் மறுபக்கம் திரும்பிக்கொண்டான்.

நான் பைக்கை உருட்டிக்கொண்டு பின்னாலேயே போனேன். விடுவேனா? இரண்டு பக்கமும் உப்பு பளபளத்தது. அண்ணாச்சி தாரில் நாலடி, மண்ணில் நாலடி என்று தாண்டித் தாண்டி நடந்தார். இந்துமதி வேகத்தைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. பாதி வழியில் போதும் என்று சொல்வாள் என்று அவர் இரண்டு தடவை அவள் முகத்தைப் பார்த்தார். அவள் சொல்லவில்லை.

காரின் நிழலில் ஒண்டிக்கொண்டு அவர் கையெடுத்துக் கும்பிட்டார். "மேடம், அறிக்கையை மட்டும் கொஞ்சம் பாத்து எழுதுங்க."

"அதை நேத்தே அனுப்பிட்டேன் அண்ணாச்சி. லாரி ராகுகாலம் முடிஞ்சி வர்ற மாதிரி புக் பண்ணுங்க, பூஜையை எப்பவும்போல செய்ங்கன்னு எழுதியிருக்கேன். உங்க பேர் அதுல இல்லை. சரக்கு எடுக்கேன்னு இன்னைக்குக் காலையிலயே அவங்க பதில் போட்டுட்டாங்க."

அண்ணாச்சிக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"அப்போ இன்னைக்கு இவ்வளவும்... இது எதுக்கு?"

"இது எனக்கு" என்று சொல்லிவிட்டு அவள் காரில் ஏறிக் கதவைச் சாத்தினாள். கார் போனதோடு நிழலும் போய்விட்டது.

காசிலிங்கம் அண்ணாச்சி ஒரு காலை மாற்றி ஒரு காலைத் தூக்கிக்கொண்டு ரோட்டில் நின்றார். திரும்பி அவ்வளவு தூரம் நடக்க வேண்டும். என்னைப் பார்த்தார், என் பைக்கைப் பார்த்தார். பின் சீட் காலியாகத்தான் இருந்தது.

"தேவமணி" என்றார்.

நான் வண்டியைக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.